தலைகீழாகப் பிடித்தால் சூலம்

கேமரன் மலை
9.6.2024

அன்புத் தங்கச்சி வசுமதிக்கு,

அண்ணன் புவனேஸ்வரன் எழுதிக்கொண்டது. அம்மா, உன் அண்ணி அம்சவல்லி, நான் மூவரும் நலம். என் முட்டிவலியும் ஒரு குறையில்லாமல் நலமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை சுகுமாரனும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்?

முதலில் ஓர் அவமானத்தைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். நீ போன வாரம் கைபேசியில் அனுப்பிய படத்தை நான் டீயில் போட்டுவிட்டேன்.

ரிங்லெட்டில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு போலீஸ்காரர்கள். கைபேசி கூவியது. தங்கச்சி தோட்டத்துப் பூ ஏதாவது அனுப்பியிருப்பாள் என்று எண்ணெய்க் கையோடு திறந்தேன். திரை முழுக்க ஒரு துப்பாக்கி. கீழே, ‘அண்ணே, நான் வாங்கிட்டேன்’ என்று நீ. துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று கேட்டு வளர்ந்த இந்த நாட்டில், அதன் படத்தைக் கண்டாலே கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளும் பரம்பரை நாம். எனக்குக் கையும் ஓடவில்லை, புத்தியும் ஓடவில்லை. கைபேசியை அப்படியே தே தாரிக் குவளைக்குள் இறக்கிவிட்டேன். போலீஸ்காரர்களில் இளையவர் எட்டிப் பார்த்து, போனுக்குத் தாகமா அங்கிள் என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

கைபேசி செத்துவிட்டது. புதிது வாங்கினாலும் அதில் இந்தப் பேச்சு வேண்டாம். இனி தபால்தான். தானா ராத்தா தபால் ஆபீசில் இருக்கும் பெண் என்னை ஏதோ காதல் கடிதம் போட வந்தவன்போல் பார்க்கிறாள். ஐம்பத்தைந்து வயதில் அதுவும் ஒரு மரியாதைதான்.

வசு, ஊரில் எத்தனையோ சாமான் இருக்க உனக்கு ஏன் இது? நம் குடும்பத்துக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவை நீ மறந்துவிட்டாயா? கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து சண்டை போட்ட அந்த அவசரகாலத்தில் அப்பா தேயிலைத் தோட்டக் காவல்படையில் இருந்ததும், ஒரு மழைநாளில் மேற்கு மலையில் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டுப் புதர்ப்பக்கம் ஒதுங்கியதும், கால் கழுவி வந்து பார்த்தால் மரம் மட்டும் நின்றதும் நமக்குத் தாலாட்டுபோலச் சொல்லப்பட்ட கதை அல்லவா. காட்டாட்களுக்குக் கொடுத்துவிட்டார் என்றார்கள், கள்ளுக்கு விற்றுவிட்டார் என்றார்கள். வேலையிலிருந்து நீக்கி மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்கள். அப்பா செத்து முப்பது வருடம் ஆகியும் நம் வீட்டுக்குத் ‘தொலைச்சான் வீடு’ என்றுதான் பெயர். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன்கூட அப்படித்தான் விலாசம் கேட்கிறான்.

தொலைத்தவர் மகள் வாங்கியிருக்கிறாள். இதை ஊரில் யாரிடம் சொல்லிச் சிரிப்பேன்? விவரம் எழுது.

பாசமுள்ள அண்ணன்,
புவனேஸ்வரன்


ஒட்டாகோ, நியூசிலாந்து
30.6.2024

அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். விறைத்துப்போன சுகம். அம்மா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா?

மான்கள்தான் காரணம். நான் நட்ட கீரை, பீன்ஸ், ஆப்பிள் கன்று எல்லாம் போய்விட்டன. இங்கே மான் காட்டுப்பன்றி மாதிரி, பெருகிப்போன தொல்லை. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் நர்சுகள் பாதிப்பேர் வேட்டைக்காரிகள். நானும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினேன். போலீஸ்காரி ஒருத்தி வீட்டுக்கு வந்து, இரும்பு அலமாரியை ஆட்டிப் பார்த்து, உன் மாப்பிள்ளையைத் தனியாக அழைத்து, உன் மனைவிக்குக் கோபம் வருமா என்று கேட்டாள். அவர் ஐந்து நிமிடம் யோசித்தார். அதற்கு இன்னும் நான் பழிவாங்கவில்லை.

வாங்கியது பழைய பட்டாளத்துச் சரக்கு. லீ என்ஃபீல்ட், முந்நூற்று மூன்று என்பார்கள். எண்பது வயது. பழசை வாங்கிப் புதுப் பாகங்கள் பூட்டிக்கொள்வது இங்கே ஒரு பைத்தியம். நானும் வரவழைத்திருக்கிறேன்: மரக்கட்டைக்குப் பதிலாகக் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, தோளில் உதைக்காமல் இருக்க ரப்பர் திண்டு, மேலே பொருத்தத் தொலைநோக்கி. தொலைநோக்கிக்கு மட்டும் இரும்பில் நான்கு ஓட்டை போட வேண்டும். துப்பாக்கி பழுது பார்க்கும் ஃபியோனா போட்டுத் தருவாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் அண்ணே. பழைய மரத்தைக் கழற்றியபோது என் கை நின்றுவிட்டது. உள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில், அவ்வளவு சுத்தமாகச் செதுக்கியிருக்கிறார்கள். தோட்டா ஏற்றும் தாழ்ப்பாளை இழுத்தேன். எண்பது வருட இரும்பு, நெய்யில் விட்ட கரண்டி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. மரத்தில் கை பிடிக்கும் இடம் மட்டும் கறுத்திருந்தது. எத்தனை பேர் வியர்வையோ. நான் அதில் கையை வைத்தேன், பொருந்தியது.

இந்தச் சரக்கு அறுபதுகளில் மலாயாப் போலீஸ் கிடங்கிலிருந்து ஏலத்தில் வந்தது என்று விற்றவர் சொன்னார். மரத்திலும் இரும்பிலும் காக்கைக்கால் மாதிரி ஒரு கீறல் இருக்கிறது. முழுத் துப்பாக்கியும் கீறலும் தெரியப் படம் அச்செடுத்து வைத்திருக்கிறேன். டீயில் போடாதே.

அன்புடன்,
வசுமதி


கேமரன் மலை
15.7.2024

என் பிரியமுள்ள வசு,

நலம், நலமறிய அவா என்றெல்லாம் எழுதப் பொறுமை இல்லை. எல்லாரும் இருக்கிறோம். உட்கார்ந்துகொண்டு படி.

உன் படத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். காக்கைக்கால்தான். மேலே ஒரு முனை, அதிலிருந்து கீழே மூன்று கோடு. சரி என்று மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். உன் அண்ணி மூக்குக்கண்ணாடி இல்லாமல் அதை எடுத்திருக்கிறாள், தலைகீழாக. குளியலறைக் கதவைத் தட்டினாள்.

“ஏங்க, இந்தத் துப்பாக்கியில சூலம் போட்டிருக்குலா.”

சோப்பு நுரையோடு ஓடி வந்தேன். வர்ணிக்க மாட்டேன், என்னைப் பார்த்தது அவளும் கூரையிலிருந்த பல்லியும்தான். வசு, படத்தைத் திருப்பிப் பிடி. கீழே கைப்பிடி, மேலே மூன்று முனை. சூலம். அச்சு அசலாக முனியாண்டி கோயில் சூலம்.

அப்பா எதில்தான் சூலம் கீறாமல் விட்டார்? வாளி, தேநீர்க் குவளை, மண்வெட்டிப் பிடி, என் பள்ளிக்கூடப் பெட்டி. லயத்து வரிசை வீடுகளில் சாமான் மாறிப்போகும், முனியாண்டி பார்த்துக்கொள்வான் என்பார். உன் காதுத்தோட்டில் கீறப் போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா?

மலாயாப் போலீஸ் கிடங்கு. அப்பா துப்பாக்கி தூக்கிய காலம். சூலம். குழலைக் கீழே சாய்த்து மடியில் வைத்துக்கொண்டு கீறியிருப்பார், அதனால் தலைகீழ். நான் இதை எழுதும்போது என் கைமயிர் நிற்கிறது. என் தலையில் நிற்பதற்கு ஒன்றும் இல்லாததால் கை அந்த வேலையைப் பார்க்கிறது.

துப்பாக்கி காட்டுக்குப் போகவில்லை. கள்ளுக்கும் போகவில்லை. அரசாங்கக் கிடங்குக்குத் திரும்பிவிட்டிருக்கிறது. யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அப்பாவிடம் சொல்லாமல். அது கடல் தாண்டிப் போய், உலகத்திலிருக்கும் இத்தனை கோடிப் பேரில் அவர் மகள் கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அதில் ஓட்டை போட்டுவிடாதே, கட்டையை எறிந்துவிடாதே. உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன், முட்டி மடங்காது என்பதால் இங்கிருந்தே தொட்டுவிட்டதாக வைத்துக்கொள்.

அண்ணன்


ஒட்டாகோ
4.8.2024

அண்ணனுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு நேரே ஃபியோனா கடைக்கு வண்டியில் போனேன். பத்து மணிக்கு ஓட்டை போட நேரம் வாங்கியிருந்தேன். கடை வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்து படித்தேன். பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. ஃபியோனா வெளியே வந்து கண்ணாடியைத் தட்டி, வயிறு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டேன்.

துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசையில் கிடத்தினேன். விளக்கு ஏற்றவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. அப்பா கையை நான் கடைசியாகப் பிடித்தபோது எனக்கு இருபது வயது. அந்தக் கறுத்த இடத்தில் மறுபடி கையை வைத்தேன். மாப்பிள்ளை சமையலறைக்கு வந்தவர் அப்படியே திரும்பிப் போனார்.

அடுத்த வாரம் ஃபியோனாவிடம் அந்தக் கீறலைக் காட்டி விசாரிக்கிறேன். அதற்கு முன் யாரிடமும் சொல்லாதே.

வசுமதி


கேமரன் மலை
25.8.2024

அன்பு வசு,

முனியாண்டி அருளால் எல்லாரும் திடம். யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வந்தபோது நான் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். அந்த ஒருவர் தேங்காய்க் கடைக்காரர். பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

காரணமும் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் கருங்கல் பலகை வைக்கப் போகிறார்கள். அவசரகாலத்தில் தோட்டத்தைக் காத்தவர்களின் பெயர்கள். தைப்பொங்கலுக்குத் திறப்பு. பதினான்கு பேர் காவல் நின்றார்கள், பட்டியலில் பதின்மூன்று பேர்தான். விடுபட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கமிட்டித் தலைவர் சிவசாமி. அவர் அப்பா கருப்பையாதான் அந்தப் படைக்குத் தலைமைக் காவலர், அப்பாமேல் புகார் எழுதிக் கொடுத்தவரும் அவரே. போன ஞாயிறு ஸ்டோர்க் கணக்கை எழுதி மூடிவிட்டுக் கேட்கப் போனேன். மீசைக்குச் சாயம் பூசிக் காயவைத்துக்கொண்டிருந்ததால் உதட்டை அசைக்காமல் பேசினார்.

“கிராணியாரே, கோவிச்சுக்காதீங்க. துப்பாக்கிய தொலைச்சவரு பேரு காவல் கல்லுல இருந்தா நாளைக்குப் பேரப்புள்ளைங்க கேக்கும்லா.”

“துப்பாக்கி கெடச்சிருச்சு,” என்றேன்.

சாயம் உதட்டில் வழிந்துவிட்டது.

அம்மாவிடமும் சொன்னேன். எண்பத்தைந்து வயது, கண்ணில் குறை இல்லை, காதில்தான் அவளுக்கு வேண்டாதது விழாது. படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். பிறகு, “கல்லுல பேரு வருமாடா?” என்று மட்டும் கேட்டாள். வரும் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கல்லில் அப்பா பெயரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவள் ஆசை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐம்பத்தைந்து வருடம் கூடவே இருந்திருக்கிறேன்.

ஃபியோனா என்ன சொன்னாள்? உடனே எழுது.

அண்ணன்


கேமரன் மலை
20.10.2024

வசுவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? மான் ஏதும் உன்னைச் சுட்டுவிடவில்லையே? தீபாவளி வாழ்த்து. அண்ணி முறுக்கு அனுப்புகிறாள், உங்கள் நாட்டுச் சுங்கக்காரர்கள் நல்ல பல் உள்ளவர்களாக இருக்கட்டும்.

கூடவே ஒரு சிறு மெத்தை இருக்கும். துப்பாக்கி தோளில் உதைக்கிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா. ரப்பர் திண்டு பூட்ட ஆணி அடிக்க வேண்டாம் என்று அம்சவல்லி தன் பட்டு ரவிக்கைத் துணியில் பஞ்சு வைத்து உறை தைத்திருக்கிறாள். கட்டையின் பின்பக்கம் மாட்டிக்கொள்ளலாம், கழற்றலாம். ஜரிகை வைத்த துப்பாக்கி உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

படத்தைப் பிரிஞ்சாங் கடையில் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். தலைகீழாகத்தான். தினம் யாராவது வருகிறார்கள். கம்போங் ராஜாவிலிருந்து ஒரு குடும்பம் லாரி எடுத்துக்கொண்டு வந்தது. கொழுந்து எடுத்துவிட்டுக் கூடையோடு வரும் பெண்கள் வாசலில் செருப்பை விடுகிறார்கள். ஒரு பெரியவர் படத்தின் முன் நின்று, “எங்கெங்கியோ போயி, வூட்டுக்கு வந்திருச்சு பாரு,” என்றார். நானும் ஏதோ நகைச்சுவையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. இந்த வாய்க்கு வராத நகைச்சுவை இருக்கிறது என்பதே எனக்குச் செய்தி.

மறுநாள் பார்த்தால் யாரோ கண்ணாடியில் குங்குமம் வைத்திருக்கிறார்கள்.

ஒரு வரியாவது எழுது.

அண்ணன்


ஒட்டாகோ
10.11.2024

அண்ணனுக்கு,

மன்னித்துக்கொள். இல்லத்தில் ஆள் பற்றாக்குறை, இரட்டை வேலை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. முறுக்கு தூளாக வந்தது, கரண்டியால் சாப்பிட்டோம். உறையை மாட்டிப் பார்த்தேன், கச்சிதம்.

பிளாஸ்டிக் கட்டையையும் தொலைநோக்கியையும் திருப்பி அனுப்பிவிட்டேன். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன், மூன்று வாரம், தினம் ஒரு கை. நிறம் தேன் மாதிரி எழும்பி வருகிறது.

போன சனிக்கிழமை விடியலில் மலைக்குப் போனேன். உறைபனி. நாற்பது அடி தூரத்தில் ஒரு கலைமான் வந்து நின்று என்னைப் பார்த்தது. மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது. குறி வைத்தேன், அந்தப் பழைய இரும்புக் குறியிலேயே. அவ்வளவு தெளிவு. சுடவில்லை. அது போன பிறகும் அங்கேயே நின்றேன்.

ஃபியோனா பார்த்தாள். நல்ல துப்பாக்கி என்றாள்.

கல்லில் பெயர் வெட்டியாகிவிட்டதா? அது முடிந்ததும் எனக்கு எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

வசுமதி


கேமரன் மலை
8.12.2024

அன்பு வசு,

வீட்டில் எல்லாரும் நலம். மழை மட்டும் நிற்கவில்லை, என் வெள்ளைச் சட்டை ஒன்றில் காளான் முளைத்திருக்கிறது.

ஃபியோனா பார்த்தாள், நல்ல துப்பாக்கி என்றாள் என்று எழுதியிருந்தாய். சரி.

நேற்றுக் கமிட்டி கூடியது. சிவசாமி லேசான ஆள் இல்லை. “அது காட்டுக்காரன் கையில போயி, அப்புறம் சண்டையில புடிச்சதா இருந்தா?” என்று கேட்டார். நான் பத்து நாளாகக் குளியலறையில் பேசிப் பழகிய பதிலைச் சொன்னேன். எப்படிப் போனால் என்ன, திரும்பி வந்த சாமானைத் தொலைந்தது என்று எந்த ஸ்டோர்க் கிராணியும் எழுத மாட்டான். நான் இருபத்திரண்டு வருடமாக ஸ்டோர்க் கிராணி, இது என் சாஸ்திரம்.

பாதிப் பேர் தலையாட்டினார்கள். பாதிப் பேர் சிவசாமியைப் பார்த்தார்கள். அப்போதுதான் அம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் அழைத்துவரவில்லை. சேற்றில் தனியாக நடந்து வந்திருக்கிறாள். எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

சிவசாமி படத்தை அவளிடம் நீட்டினார். “ஆத்தா, நீங்க சொல்லுங்க. ஒங்க வாயால சொன்னா முடிஞ்சது. இது அவரு துப்பாக்கிதானா?”

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

“துப்பாக்கி துப்பாக்கிதானேப்பா. ஒங்க கல்லுல எடம் இருக்கா இல்லையா, அதச் சொல்லு.”

இருக்கிறது என்றார் சிவசாமி. அவ்வளவுதான். எழுபது வருடத்து விஷயம் ஒரு கொட்டாவி நேரத்தில் முடிந்தது. திரும்பி வரும் வழியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழுக்கும் என்பதற்காக என்று சொன்னாள்.

அண்ணன்


கேமரன் மலை
19.1.2025

வசு,

உங்கள் இருவருக்கும் பொங்கல் வாழ்த்து. நலத்தை எல்லாம் கீழே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பொங்கலன்று காலை பனி இறங்கி மண்டபம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மேளம் மட்டும் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து, சிங்கப்பூரிலிருந்துகூட வந்திருந்தார்கள், காவல் நின்றவர்களின் பிள்ளைகள். துணியை விலக்கியதும் மேளம் நின்றது. கறுப்புக் கல், வெள்ளை எழுத்து. பதினான்காவதாக: செல்லையா.

மற்ற பெயர்களுக்குக் கீழே இடம் போதவில்லை என்று அப்பா பெயரைக் கொஞ்சம் சின்னதாக வெட்டியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. என் பெயரைச் சம்பளச்சீட்டில் பார்க்கும்போதுகூட இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை.

அம்மா கிட்டே போய் விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். கடைசி எழுத்து வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள். முந்நூறு பேர் இருந்த இடத்தில் சாப்பாட்டுப் பந்தலில் அரிசி கொதிக்கும் சத்தம் கேட்டது. சிவசாமி என் வீட்டுப் படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மீசைச் சாயம் கண்ணாடியில் பட்டது. துடைக்கவில்லை.

கேஸ் பையன் நேற்று சிலிண்டர் கொண்டுவந்தான். “இதுதானே செல்லையா வீடு?” என்றான்.

மூவரும் நலம்.

புவனேஸ்வரன்


ஒட்டாகோ
9.2.2025

அண்ணே,

இங்கே வெயில் காலம், நாங்கள் நலம். உன் கடிதத்தை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்த் துப்பாக்கி அலமாரியின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

பெயர் வெட்டியாகிவிட்டது. இப்போது சொல்கிறேன். ஆகஸ்டிலேயே ஃபியோனாவிடம் காட்டினேன். அவள் சிரித்தாள். அது சூலம் இல்லை, அம்பு. பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை. அவர்கள் செய்த துப்பாக்கி எல்லாவற்றிலும் இருக்கும். கம்பளியில், கரண்டியில், மூத்திரப் பானையில்கூட அடித்திருப்பார்களாம். தன் கடையில் இருந்த ஒன்பது துப்பாக்கிகளை எடுத்து வரிசையாகக் காட்டினாள். ஒன்பதிலும் அப்பா கீறியிருந்தார்.

அன்றே எழுத உட்கார்ந்து, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். அதற்குள் உன் ஆகஸ்டுக் கடிதம் வந்தது, அம்மா கல்லைக் கேட்டதாக. பேனாவை மூடிவிட்டேன். அடுத்து நீ குங்குமம் என்று எழுதினாய். நான் வேலை அதிகம் என்று எழுதினேன்.

இது அப்பாவுடையது என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. இருந்தாலும் ஓட்டை போட மனம் வரவில்லை. யார் கை பட்டுக் கறுத்ததோ, அவனும் எங்கேயோ மழையில் நின்றிருப்பான். எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. அண்ணி உறையைத்தான் மாட்டிக்கொண்டு போகிறேன். மான்கள் சிரிப்பதில்லை.

என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு. அம்மாவிடம் மட்டும் சொல்லாதே.

உன் தங்கை,
வசுமதி


கேமரன் மலை
2.3.2025

என் தங்கமான தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

கமிட்டி கூடுவதற்கு முந்தின வாரம் ஸ்டோரில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். நான் கால் வைத்து உட்காரும் பழைய பட்டாளத்து இரும்புப் பெட்டியைக் கவிழ்த்தேன். இருபத்திரண்டு வருடமாக என் குதிகாலுக்குக் கீழே அதே காக்கைக்கால். பக்கத்தில் ஒரு கடப்பாரை, அதிலும். மேலும் தேடவில்லை. சிவசாமி வாரம் ஒருமுறை ஆணி வாங்க ஸ்டோருக்கு வருவார். அன்று சாயந்தரமே இரண்டுக்கும் பச்சைச் சாயம் அடித்தேன், இரண்டு பூச்சு. ‘நல்ல துப்பாக்கி என்றாள்’ என்று நீ எழுதியபோது, ‘சரி’ என்று நான் எழுதியது அதனால்தான். உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆனாலும் வசு, பொய் சொன்னதுபோலவே தோன்றவில்லை. அந்தப் பனியில் அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது நான் நம்பினேன். இன்றைக்கும் படத்தைக் கடக்கும்போது நடை தானாக நின்றுவிடுகிறது. அம்போ சூலமோ, அப்பா தூக்கி நடந்தது அதைத்தான் என்று மனம் பிடிவாதம் பிடிக்கிறது. அம்மாவிடமிருந்து மறைத்து இனி நான் உறங்க முடியாது. உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் இதை ஒட்டப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், மான்களையும்.

என்றும் உன் அண்ணன்,
புவனேஸ்வரன்

பி.கு. வாசித்துக் காட்டினேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. “அம்போ எழவோ, எனக்கென்ன தெரியும். அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு, தெனம் எங்க லயத்து வழியாத்தான் தூக்கிட்டுப் போவாரு. நீ மொத மொத படத்தக் காட்டினப்பவே பாத்தேன், ஒத்தக் கொழலு. அவருக்குக் குடுத்திருந்தது பன்னி சுடுற ரெட்டக் கொழலுடா,” என்றாள்.